லாரிக்கு எல்.இ.டி. பல்ப் போடலாமா? அதற்கு முன்னால் மீட்டர் வைத்துப் பாருங்கள்

உங்கள் கேள்வியைச் சுருக்கமாகத் திரும்பச் சொல்லிவிட்டு ஆரம்பிக்கிறேன். வண்டி 2014 மாடல் பத்து சக்கர லாரி. 24 வோல்ட், எச்4 ஹாலஜன் பல்ப். ஓட்டுவது அப்பா, வயது 56. கர்நாடகாவின் தாவணகெரேயில் மக்காச்சோளம் ஏற்றி நாமக்கல் கோழித் தீவன ஆலைக்கு வருகிற ஓட்டம், பெரும்பாலும் ராத்திரிப் பயணம். ஆறு மாதமாக ‘லைட் பத்த மாட்டேங்குது, எதிர்வண்டி வந்தா ரோடே தெரியல’ என்கிறார். கடையில் ஜோடி 4,500 ரூபாய்க்கு எல்.இ.டி. பல்ப் காட்டுகிறார்கள், வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் கேட்டது பல்பைப் பற்றி. ஆனால் அதற்குள் இருக்கிற கேள்வி, ஓரமாக லைட் இல்லாமல் நிற்கிற வண்டியையோ ரோட்டைக் கடக்கிற ஆளையோ, வண்டியை நிறுத்த முடிகிற தூரத்திலேயே அப்பா பார்க்க என்ன செய்ய வேண்டும் என்பது. அந்தக் கேள்விக்குத்தான் பதில் எழுதுகிறேன். பல்ப் கேள்விக்கான பதில் இப்போதே சொல்லிவிடலாம்: வாங்காதீர்கள்.

நான் நாமக்கல்லில் 26 வருடமாக லாரி எலக்ட்ரிக்கல் வேலை பார்க்கிறேன். ‘லைட் மங்கல்’ என்று பட்டறைக்கு வருகிற பழைய வண்டிகளில் பெரும்பாலும் பல்ப் மேல் தப்பு இருக்காது. பல்புக்குப் போய்ச் சேர வேண்டிய வோல்டேஜ் வழியிலேயே கரைந்து போயிருக்கும். ஹாலஜன் பல்புக்கு ஒரு குணம் உண்டு. வோல்டேஜ் பத்து சதவீதம் குறைந்தால் வெளிச்சம் ஏறத்தாழ முப்பது சதவீதம் குறைந்துவிடும். நேர்விகிதமாக இறங்காது, சரிந்து விழும். 24 வோல்ட் எச்4 பல்பில் பிரைட்டுக்கு 75 வாட், டிம்முக்கு 70 வாட். ஆனால் அந்தப் பல்பின் வெளிச்சத்தை அளக்கிற சர்வதேச விதியில் சோதனை வோல்டேஜ் 28. அந்த 28 வோல்ட் கிடைத்தால்தான் பிரைட்டில் சுமார் 1,900 லூமன், டிம்மில் சுமார் 1,200 லூமன். அதாவது, என்ஜின் ஓடும்போது ஆல்டர்நேட்டர் தருகிற வோல்டேஜ் குறையாமல் தன் பின்னுக்கு வந்து சேரும் என்று நம்பிச் செய்த பல்ப் இது.

போன மாதம் உங்கள் வண்டி மாதிரியே ஒன்று வந்தது. என்ஜினை ஓடவிட்டு பேட்டரியில் மீட்டர் வைத்தால் 27.6 வோல்ட். டிம்மைப் போட்டுவிட்டு, பல்ப் ஹோல்டரின் பின்பக்கமாக மீட்டரின் முள்ளைச் செருகிப் பார்த்தால் 23.9. பார்க்க 3.7 வோல்ட்தானே என்று தோன்றும். கணக்குப் போட்டால் அந்த டிரைவர் வரவேண்டிய வெளிச்சத்தில் அறுபது சதவீதத்தை வைத்துக்கொண்டு தொப்பூர் கணவாய் இறங்கிக்கொண்டிருந்தார். காணாமல் போன வோல்ட்டைத் தேடினோம். ஸ்டீயரிங்குக்குக் கீழே காம்பினேஷன் சுவிட்சின் கப்ளரைக் கழற்றினால், வெள்ளை பிளாஸ்டிக் ஒரு பின்னைச் சுற்றி மட்டும் வறுத்த முந்திரி நிறத்தில் இருந்தது; இழுத்தபோது பின்னும் பிளாஸ்டிக்கும் ஒட்டிக்கொண்டே வந்தன. அங்கே மட்டும் ஒன்றரை வோல்ட். எர்த் வயரை யாரோ சேசிஸில் பெயிண்டுக்கு மேலேயே போல்ட் போட்டு முறுக்கியிருந்தார்கள். அங்கே 1.1. மீதி, பன்னிரண்டு வருடப் பழைய வயரிலும் பச்சை பூத்த ஹோல்டரிலும் போனது. அந்த வண்டிக்கு இரண்டு தடவை பல்ப் மாற்றியிருக்கிறார்கள். யாரும் மீட்டர் வைத்துப் பார்க்கவில்லை.

இதை நீங்களே பார்க்கலாம், ஐந்நூறு ரூபாய் மல்டிமீட்டர் போதும். என்ஜின் ஓட வேண்டும், லைட் எரிய வேண்டும், ஹோல்டர் பல்பில் மாட்டியபடியே இருக்க வேண்டும். ஹோல்டரைக் கழற்றிவிட்டு அளந்தால் கரண்ட் ஓடாததால் மீட்டர் முழு வோல்டேஜைக் காட்டி ஏமாற்றிவிடும். இந்தத் தப்பை நிறையப் பேர் செய்கிறார்கள். முதலில் ஒரு முள் பேட்டரி பிளஸ்ஸில், இன்னொன்று பல்பின் டிம் பின்னில். வருகிற எண்தான் பிளஸ் பக்கம் வீணாகிற வோல்டேஜ். அப்புறம் ஒரு முள் பேட்டரி மைனஸில், இன்னொன்று பல்பின் எர்த் பின்னில். அது எர்த் பக்கம் வீணாவது. 24 வோல்ட் வண்டியில் இரண்டையும் கூட்டி ஒரு வோல்ட்டுக்குள் இருந்தால் வயரிங் நல்ல நிலை. இரண்டைத் தாண்டினால் உங்கள் பணம் போக வேண்டிய இடம் வயரிங்தான், பல்ப் கடை இல்லை.

சரிசெய்கிற முறை பழையது, உறுதியானது: ரிலே போடுவது. இப்போது உங்கள் வண்டியில் ஹெட்லைட் கரண்ட் முழுவதும் பேட்டரியிலிருந்து டாஷ்போர்டுக்கு ஏறி, சுவிட்சுக்குள் நுழைந்து, டிம்-பிரைட் கட்டையைத் தாண்டி, திரும்ப முன்னால் வருகிறதா என்று பாருங்கள். பழைய வண்டிகள் பலவற்றில் இப்படித்தான். ரிலே வைத்தால் சுவிட்ச் வழியாக ரிலேயை இழுக்கத் தேவையான சின்ன கரண்ட் மட்டும் போகும். பல்புக்கான கரண்ட் பேட்டரியிலிருந்து குறுக்கு வழியில் நேராகப் போகும். டிம்முக்கு ஒன்று, பிரைட்டுக்கு ஒன்று, இரண்டும் 24 வோல்ட் ரிலேயாக இருக்க வேண்டும். 12 வோல்ட் ரிலே போட்டால் உள்ளே இருக்கிற கம்பிச்சுருள் வெந்துவிடும். ரிலேயின் அடியில் எண் போட்டிருக்கும்: 30-ஆம் பின்னுக்கு பேட்டரி பிளஸ், 87-க்குப் பல்ப், 86-க்குப் பழைய ஹெட்லைட் வயர், 85-க்கு எர்த். வயர் 2.5 சதுர மில்லிமீட்டர் போதும். எர்த்துக்கும் அதே தடிமனில் வயர் இழுத்து, சேசிஸைப் பளபளவென்று சுரண்டி, லக் வைத்து முறுக்கி, மேலே கிரீஸ் தடவுங்கள். சில வண்டிகளில் சுவிட்ச் பிளஸ் பக்கம் இல்லாமல் எர்த் பக்கம் வேலை செய்யும். அதனால் டெஸ்ட் லாம்ப் வைத்துப் பார்க்காமல் வயரை வெட்டக் கூடாது.

ஃபியூஸ் விஷயத்தில் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். பேட்டரியை ஒட்டி ஒரு பெரிய ஃபியூஸ், 20 ஆம்பியர். அது இல்லாமல் பேட்டரியிலிருந்து வயர் இழுப்பது கேபினுக்குக் கீழே தீயைக் கட்டி வைக்கிற மாதிரி. ரிலேக்கு அப்புறம் இடது லைட்டுக்குத் தனி ஃபியூஸ், வலது லைட்டுக்குத் தனி ஃபியூஸ், 10 ஆம்பியர் வீதம். ஒரு பக்க ஹோல்டரில் தண்ணீர் இறங்கி ஷார்ட் ஆனால் அந்தப் பக்கம் மட்டும் அணையும். இரண்டுக்கும் ஒரே ஃபியூஸ் என்றால், லோடு வண்டி இறக்கத்தில் போய்க்கொண்டிருக்கும்போது இரண்டு லைட்டும் ஒரே நொடியில் போய்விடும். அப்புறம் பழைய ஹோல்டரையும் வயரையும் வெட்டி எறியாதீர்கள். டேப் சுற்றி அங்கேயே கட்டி வையுங்கள். சித்ரதுர்கா பக்கம் நடுராத்திரியில் ரிலே போய்விட்டால், அப்பா பழைய ஹோல்டரைத் திரும்ப மாட்டிக்கொண்டு மெதுவாக ஊர் வந்து சேரலாம். எங்கள் ஊரில் இந்த வேலைக்குச் சாமான், கூலி எல்லாம் சேர்த்து அந்த எல்.இ.டி. ஜோடியின் விலையில் பாதிதான் ஆகும்.

இரண்டு எச்சரிக்கை. பாட்டு செட், ஃபாக் லைட், சார்ஜர் என்று எதற்காவது இரண்டு பேட்டரியில் ஒன்றிலிருந்து மட்டும் 12 வோல்ட் எடுத்திருக்கிறார்களா பாருங்கள். இருந்தால் அவிழ்த்துவிடுங்கள். ஒரு பேட்டரி எப்போதும் பட்டினி கிடக்கும், மற்றது அளவுக்கு மீறிச் சார்ஜ் ஆகும். கடைசியில் இரண்டும் போய்விடும், அதற்கு முன்பே லைட் தடுமாற ஆரம்பிக்கும். 12 வோல்ட் வேண்டுமென்றால் அதற்கென்று கன்வர்ட்டர் இருக்கிறது. இரண்டாவது, அடிக்கடி பல்ப் ஃபியூஸ் ஆகிறது என்றால் ஆல்டர்நேட்டரின் வோல்டேஜைப் பாருங்கள். ரெகுலேட்டர் கெட்டு 30 வோல்ட் ஏற்றுகிற வண்டியில் பல்ப் ஆயுள் பாதிக்கும் கீழே போய்விடும். 24 வோல்ட் பல்பின் இழை 12 வோல்ட் பல்பின் இழையைவிட மெல்லியது, நீளமானது. அதிர்வையே சரியாகத் தாங்காது, அதிக வோல்டேஜை எப்படித் தாங்கும். பல்ப் மாற்றும்போது இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள். பல்பின் கண்ணாடியில் விரல் படக் கூடாது, விரல் எண்ணெய் பட்ட இடம் சூடேறிக் கெடும். 100/90 வாட் பல்ப் வேண்டாம். அது ஹோல்டரை உருக்கும், ரிஃப்ளெக்டரைக் கருக்கும், சட்டப்படியும் செல்லாது.

உங்கள் வண்டி 2014 மாடல் என்பதால்தான் இவ்வளவு தைரியமாகச் சொல்கிறேன். பி.எஸ்.6 என்கிற புதிய புகை விதிப்படி வந்த வண்டிகளில் லைட்டைக் கம்ப்யூட்டர் பாக்ஸ் கட்டுப்படுத்துகிற மாடல்கள் இருக்கின்றன. அங்கே நடுவில் ரிலே நுழைத்தால் பாக்ஸ் அதைக் கோளாறு என்று எடுத்துக்கொள்ளலாம். அந்த மாதிரி வண்டிகளை நான் கம்பெனி சர்வீஸுக்கே அனுப்பிவிடுகிறேன். கேஸ் டேங்கர், பெட்ரோல் டேங்கர்களின் வயரிங்குக்குத் தனி விதி உண்டு. இதைப் படிக்கிற டேங்கர்காரர்கள் யாரும் இந்த முறையைத் தாங்களாகச் செய்ய வேண்டாம்.

அடுத்தது லைட்டின் கண்ணாடி. இப்போது பெரும்பாலும் பிளாஸ்டிக்தான், வெயிலில் மஞ்சளாகிவிடும். பாலிஷ் போட்டால் பளிச்சென்று ஆகும். ஆனால் மேலே இருக்கிற வெயில் தாங்கும் பூச்சும் பாலிஷோடு போய்விடுவதால், மேலே திரும்பப் பூச்சு அடிக்காவிட்டால் சில மாதங்களில் பழையபடி மங்கும். உள்ளே ரிஃப்ளெக்டரின் பளபளப்பான பூச்சு போய்ச் சாம்பல் நிறமாகியிருந்தால் அதற்கு வைத்தியமே இல்லை. லைட்டை அப்படியே மாற்றுங்கள். பல்பைக் கழற்றிவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தால் தெரியும். ரிஃப்ளெக்டரைத் துணியால் துடைக்கப் போகாதீர்கள், மிச்சமிருக்கிற பூச்சும் கையோடு வந்துவிடும். முன்கண்ணாடியையும் இந்தக் கணக்கில் சேருங்கள். உள்பக்கம் படிந்திருக்கிற எண்ணெய்ப் படலத்தைத் துடைத்து, கீறல் போடுகிற வைப்பர் ரப்பரை மாற்றினாலே எதிர்வண்டியின் கூச்சம் கண்ணுக்குத் தெரிகிற அளவு குறையும். செலவு முந்நூறு ரூபாய்கூட ஆகாது.

இனி நான் முக்கியம் என்று நினைப்பது, ஆனால் யாரும் செய்யாதது: லைட் செட்டிங். எஃப்.சி.க்கு, அதாவது தகுதிச் சான்றுக்குப் போகும்போது மட்டும் யாராவது ஸ்க்ரூவைத் திருகுவார்கள், அவ்வளவுதான். கணக்கைப் பாருங்கள். உங்கள் வண்டியின் லைட் தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரம் என்று வையுங்கள். டிம்மின் மேல்விளிம்பு 10 மீட்டருக்கு 15 சென்டிமீட்டர் கீழே இறங்குகிற மாதிரி வைத்தால், வெளிச்சம் ரோட்டைத் தொடுவது 66 மீட்டரில். அதே லைட் இன்னும் ஒரே ஒரு டிகிரி தலை குனிந்தால் 30 மீட்டரிலேயே முடிந்துவிடும். ஒரு டிகிரி நிமிர்ந்தால் எதிரே வருகிற ஆளின் கண்ணுக்குள் போகும். ஒரு டிகிரி என்பது பின்னால் இருக்கிற ஸ்க்ரூவில் சில சுற்று, அல்லது பம்பரில் ஒரு இடி. பாதிப் பார்வையை இப்படித் தொலைத்துவிட்டு பல்பைத் திட்டிக்கொண்டிருக்கிற வண்டிகள் எத்தனையோ.

செய்கிற முறை இது. சமதளம் வேண்டும்; எடை மேடைப் பக்கத்துச் சிமெண்ட் தரை நல்ல இடம். டயர் காற்று சரியாக இருக்க வேண்டும், டிரைவர் சீட்டில் ஆள் உட்கார வேண்டும், வண்டியில் வழக்கமான லோடு இருக்க வேண்டும். லோடு ஏறினால் பின்பக்கம் அமுங்கி மூக்கு நிமிரும். எம்டியாகச் சரியாக வைத்த லைட், லோடு ஏறியதும் மேலே அடிக்கும். டாஷ்போர்டில் லைட் ஏற்றி இறக்குகிற திருகு இருந்தால் அது பழுதில்லாமல் வேலை செய்கிறதா பாருங்கள். சுவரிலிருந்து 10 மீட்டர் தள்ளி நேராக வண்டியை நிறுத்தி, லைட்டின் நடுப்புள்ளி உயரத்தை டேப்பில் அளந்து சுவரில் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். லைட் ஒரு மீட்டர் உயரத்துக்குள் இருந்தால் அதற்கு 15 சென்டிமீட்டர் கீழே இன்னொரு கோடு. அதற்கு மேல் இருந்தால் 15-க்கும் 20-க்கும் நடுவில் போடலாம். ஒரு லைட்டைச் சாக்கால் மூடிவிட்டு மற்றதை டிம்மில் போட்டால், மேலே இருட்டும் கீழே வெளிச்சமுமாகச் சுவரில் ஒரு விளிம்பு தெரியும். வலது பாதியில் அது படுத்த கோடாக இருக்கும். இடது பாதியில், லைட்டுக்கு நேர் எதிரிலிருந்து ஆரம்பித்து மேலே ஏறும். படுத்த பகுதி கீழ்க்கோட்டில் உட்கார வேண்டும். எச்4-ல் டிம்மைச் சரியாக வைத்தால் பிரைட் தானாகச் சரியாகிவிடும்.

அந்த இடதுபக்க ஏற்றம் சும்மா இல்லை. நாம் இடதுபுறம் ஓட்டுகிறவர்கள். ஓரமாக நடக்கிற ஆளும், பஞ்சராகி நிற்கிற வண்டியும் இடதுபுறம்தான் இருக்கும். அந்தப் பக்கம் மட்டும் தூரமாக வெளிச்சம் போகவும், வலதுபக்கம் எதிர்வண்டிக்காரர் கண்ணில் படாமல் இருக்கவும் அப்படி வைத்திருக்கிறார்கள். சீனாவிலும் ஐரோப்பாவின் பெரும்பகுதியிலும் வலதுபுறம் ஓட்டுகிறார்கள். அங்கே ஓடுகிற வண்டிக்குச் செய்த லைட் செட்டை விலை குறைவு என்று இங்கே மாட்டினால், அந்த ஏற்றம் நேராக எதிர்வண்டியின் கேபினுக்குள் அடிக்கும். முழு லைட் செட் மாற்றப்போனால் கண்ணாடியில் ஒரு சின்ன அம்புக்குறி இருக்கிறதா பாருங்கள். ஐரோப்பிய விதிப்படி, வண்டிக்கு முன்னால் லைட்டைப் பார்த்து நிற்கிறவருக்கு அம்பு அவருடைய வலதுபக்கம் காட்டினால் அது இடதுபுறம் ஓட்டுகிற நாட்டுக்கானது. இரண்டு பக்கமும் காட்டினால் மாற்றிக்கொள்ளலாம். விதிமுத்திரை இருந்து அம்பே இல்லையென்றால் அது வலதுபுறம் ஓட்டுகிற நாட்டுக்கானது. எதையும் நம்ப வேண்டாம் என்றால் சுவரில் அடித்துப் பாருங்கள், ஏற்றம் எந்தப் பக்கம் என்று சுவரே சொல்லும்.

இப்போது எல்.இ.டி.க்கு வருகிறேன். எல்.இ.டி. கெட்டது என்று நான் சொல்லவில்லை. எல்.இ.டி.க்காகவே வடிவமைத்து, அனுமதி வாங்கி, கம்பெனியிலிருந்தே வருகிற முழு லைட் நன்றாகவே இருக்கிறது. சிக்கல், ஹாலஜனுக்குச் செய்த ரிஃப்ளெக்டர் கிண்ணத்துக்குள் எல்.இ.டி. பல்பைத் திணிப்பதில். எச்4 பல்பைக் கையில் எடுத்துப் பாருங்கள். உள்ளே இரண்டு இழை இருக்கும். டிம் இழைக்குக் கீழே கரண்டி மாதிரி ஒரு சின்னத் தகடு. அந்தத் தகடு வெளிச்சத்தைக் கீழ்ப்பாதி ரிஃப்ளெக்டரில் படாமல் தடுக்கிறது. சுவரில் தெரிகிற அந்த விளிம்பு அங்கிருந்துதான் பிறக்கிறது. இழை இருக்கிற இடம் ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தாலும் விளிம்பு கலைந்துவிடும். எல்.இ.டி. பல்பில் சுருள் இழைக்குப் பதில் இரண்டு பக்கமும் ஒட்டிய தட்டையான சில்லுகள், நடுவில் தடித்த உலோகம். கிண்ணம் எதிர்பார்க்கிற இடத்தில், எதிர்பார்க்கிற வடிவத்தில் வெளிச்சம் இல்லை. விளிம்பு பரவி, மேலே கொட்டுகிறது.

இதை நான் செய்து பார்த்து, தப்பு என்று தெரிந்துகொண்டவன். ஏழெட்டு வருடம் முன்னால் தெரிந்த டிரைவர் ஒருவர் கேட்டாரே என்று எல்.இ.டி. ஜோடி மாட்டிக் கொடுத்தேன். பட்டறை வாசலில் போட்டுப் பார்த்தபோது வெள்ளை வெளேரென்று இருந்தது, எனக்கே சந்தோஷம். ஒரு டிரிப் போய்விட்டு வந்து அவர் சொன்னார்: “அண்ணே, பக்கத்துல பகலாட்டம் இருக்கு, தூரத்துல ஒண்ணுமே தெரியல. எதிர்ல வர்றவன் எல்லாம் பிரைட் அடிச்சுத் திட்டுறான்.” அவர் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. வண்டிக்கு முன்னால் பத்துப் பதினைந்து மீட்டரில் வெளிச்சம் குவிந்தால், கண் அந்த வெளிச்சத்துக்குப் பழகிவிடும். அப்போது தூரத்து இருட்டு இன்னும் இருட்டாகும். டிரைவருக்கோ நிறைய வெளிச்சம் இருக்கிற திருப்தி. அந்தத் திருப்தியில் ஆக்சிலரேட்டர் இன்னும் கொஞ்சம் அமுங்கும். எதிர்வண்டி பதிலுக்கு பிரைட் அடித்தால் நம் டிரைவருக்கும் கண் தெரியாது. இரண்டு லோடு வண்டிகள், இரண்டு டிரைவருக்கும் ஒன்றும் தெரியாத அந்த மூன்று நான்கு விநாடியை நினைத்துத்தான் நான் அந்த வேலையை நிறுத்தினேன். அந்த ஜோடியைக் கழற்றி, பழைய பல்பையே போட்டு, ரிலே வைத்துக் கொடுத்தேன். ஜெர்மனியில் 2020-லிருந்து சில எல்.இ.டி. மாற்று பல்புகளுக்கு அனுமதி உண்டு. ஆனால் அதுவும் எந்த வண்டியில், எந்த லைட்டில் சோதித்தார்களோ அந்தப் பட்டியலில் இருப்பவற்றுக்கு மட்டும். எந்தக் கிண்ணத்துக்கும் எந்தப் பல்பும் என்று அவர்களும் விடவில்லை. ஹாலஜன் கிண்ணத்தில் எச்.ஐ.டி. எனப்படும் ஜெனான் பல்ப் கிட் மாட்டுவதும் இதே கதைதான்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். மத்திய மோட்டார் வாகன விதி 106, முன்லைட்டின் வெளிச்சம் எதிரே இருப்பவர் கண்ணைக் கூசச் செய்யாதபடி கீழ்நோக்கி இருக்க வேண்டும் என்கிறது. வண்டியில் அனுமதியில்லாத மாற்றம் செய்வதைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடுக்கிறது. 2019 திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஓனருக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்கலாம். ரிலே போட்டு அதே வாட் பல்பை எரிப்பது வெளிச்சத்தின் வடிவத்தையோ பல்பின் வகையையோ மாற்றுவதில்லை. அதனால் எஃப்.சி.யில் எனக்கு இதுவரை பிரச்சினை வந்ததில்லை.

உறுதியாகச் சொல்ல முடியாத, இரண்டு பக்கமும் பேச இடமுள்ள சங்கதி ஃபாக் லைட்டும் மஞ்சள் வெளிச்சமும். ஓசூர், கிருஷ்ணகிரி பக்கம் மார்கழி விடியற்காலையில் பனிமூட்டத்தில் ஓட்டுகிறவர்கள் மஞ்சள்தான் துளைத்துக்கொண்டு போகும் என்பார்கள். மூடுபனியின் நீர்த்துளி வெளிச்சத்தின் அலைநீளத்தைவிடப் பல மடங்கு பெரியது. அது மஞ்சளையும் வெள்ளையையும் ஏறத்தாழ ஒரே மாதிரிதான் சிதறடிக்கும். அதனால் ‘துளைக்கும்’ என்பதை நான் ஏற்றுக்கொள்வதில்லை. ஆனால் நீலம் கலந்த வெள்ளையைவிட மஞ்சள் கண்ணுக்குக் கூச்சம் குறைவு என்று டிரைவர்கள் சொல்வதை ஒதுக்கித் தள்ளவும் மாட்டேன். பிரான்ஸில் 1993 வரை ஹெட்லைட்டே மஞ்சளாகத்தான் இருக்க வேண்டும் என்று வைத்திருந்தார்கள். நிறத்தைவிட ஃபாக் லைட் இருக்கிற உயரம் முக்கியம். பம்பரில் தாழ்வாக, அகலமாக, தரையைப் பார்த்து இருந்தால் பனிக்கு அடியில் ரோட்டோரக் கோடு தெரியும். கேபின் உச்சியில் வைக்கிற லைட் பனியிலும் தூசியிலும் பட்டு டிரைவர் கண்ணுக்கே திரும்பும். அதை வைக்காதீர்கள்.

கடைசியாக அப்பாவின் கண். இது லைட் கேள்விதானே என்று தள்ளிவிடாதீர்கள். இருபது வயதுக் கண்ணோடு ஒப்பிட்டால் அறுபது வயதுக் கண்ணின் உள்ளே போய்ச் சேருகிற வெளிச்சம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். புரை ஆரம்பித்தால் எதிர் லைட்டைச் சுற்றி ஒளிவட்டம் போட்டு எல்லாவற்றையும் மறைக்கும். ‘எதிர்வண்டி வந்தா ரோடே தெரியல’ என்று அவர் சொல்வதைப் படித்ததும் எனக்கு முதலில் தோன்றியது ஹோல்டர், அடுத்தபடியாகக் கண்புரை. நான் கண் டாக்டர் இல்லை. அதனால்தான் வயரிங் வேலை நடக்கிற அதே வாரத்தில் அவரைக் கண் டாக்டரிடம் கூட்டிப் போகச் சொல்கிறேன். ராத்திரியில் ஓட்ட என்று விற்கிற மஞ்சள் கண்ணாடி வேண்டாம். அது வருகிற கொஞ்ச வெளிச்சத்தையும் வடிகட்டிவிடும்.

எல்லாம் சரியாக வைத்த பிறகும் டிம்மில் கிடைப்பது அந்த அறுபத்தைந்து மீட்டர் சொச்சம்தான். மணிக்கு 60 கிலோமீட்டரில் வண்டி நொடிக்கு 17 மீட்டர் போகிறது. ஆபத்தைப் பார்த்துக் கால் பிரேக்குக்குப் போக ஒன்றரை நொடி என்றால் 25 மீட்டர் போய்விடும். நல்ல பிரேக் உள்ள லோடு வண்டி நிற்க இன்னும் ஒரு 35 மீட்டர். மொத்தம் 60. அதே 80-ல் 95 மீட்டர் ஆகும். அதாவது ஸ்பீடு கவர்னர் அனுமதிக்கிற 80-ல் டிம்மை நம்பி ஓட்டினால், பார்க்கும்போதே தாமதமாகிவிட்டது என்று அர்த்தம். எதிரில் வண்டி இல்லாத இடத்தில் பிரைட்டைத் தயங்காமல் பயன்படுத்தச் சொல்லுங்கள். எதிர்வண்டி வந்து டிம்முக்கு இறக்கும்போது வேகத்தையும் அறுபதுக்கு இறக்கச் சொல்லுங்கள். பின்பக்கச் சிவப்பு ஸ்டிக்கரும் பக்கவாட்டு மஞ்சள் ஸ்டிக்கரும் மண் படிந்திருந்தால் ஒரு கை தண்ணீர் அடித்துத் துடைக்கச் சொல்லுங்கள். உங்கள் வண்டி ஓரமாக நிற்கும்போது பின்னால் வருகிறவருக்கு அதுதான் தெரியும்.

மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டு மூன்று எண்ணை இங்கேயே எழுதுங்கள்: என்ஜின் ஓடும்போது பேட்டரியில் எவ்வளவு, டிம் எரியும்போது பல்பின் டிம் பின்னுக்கும் எர்த் பின்னுக்கும் நடுவில் எவ்வளவு, தரையிலிருந்து லைட்டின் நடுப்புள்ளி எவ்வளவு உயரம். எங்கே வோல்ட் போகிறது, சுவரில் எங்கே கோடு போட வேண்டும் என்று உங்கள் வண்டிக்கே கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.